உஷ்ஷுவின் பகல் தூக்கம்

நெய்வேலியில் முதல் மண்வெட்டி விழுந்த நாளிலிருந்து இன்றுவரை, ஒரு தெருவில் இருந்த இருபத்துநாலு வீட்டு வாயையும் ஒற்றை விரலால் கட்டிப்போட்ட மனிதர் ஒருவர்தான். அவர் பெயர் உஷ்ஷு. ஷிப்டுக்கு ஊதுகிற சங்கே எங்கள் தெருப் பக்கம் வரும்போது கொஞ்சம் அடக்கித்தான் ஊதும் என்பார்கள். நீங்கள் நம்ப வேண்டாம். எங்கள் தெருவில் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு "என்ன இந்தம்மா, பெத்த அப்பனைப் போய் இப்படி எழுதுகிறாளே" என்று யாரும் கடிதம் போட வேண்டாம். ஆமாம், உஷ்ஷு என் அப்பாதான். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து பேட்டி எடுக்க ஒரு தம்பி வந்தான். வந்ததிலிருந்து குசுகுசுவென்றே பேசினான், ஏன் என்று பிறகு சொல்கிறேன். போனை மேஜையில் வைத்து ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு, "மேடம், உங்க பால்யம், குடும்பப் பின்னணி பத்திக் கொஞ்சம் சொல்லுங்க. வீடு முழுக்கப் புத்தகமா இருந்திருக்கும்ல? அப்பா நிறையக் கதை சொல்லியிருப்பார்ல?" என்றான்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிப் பற்றிக்கொண்டு வந்ததோ தெரியவில்லை. புத்தகமாம், கதையாம்! எங்கள் வீட்டில் அச்சடித்த பொருள் என்று இருந்தது ஒரே ஒரு தினசரி காலண்டர். மந்தாரக்குப்பம் மளிகைக்கடைக்காரர் புது வருஷத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. அப்பா எனக்குச் சொன்ன ஒரே கதை "உஷ்". அதில் ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை.

அந்த மனிதரிடம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பிளஸ் டூ முடித்ததும் ஹாஸ்டலில் தங்கித் தமிழ் படிக்க என்னை அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு "சரி", விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அதற்காக நான் பட்ட பாட்டைத்தான் தம்பியிடம் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

பின்னணி என்றால் இதுதான் பின்னணி. கம்மாபுரம் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு முந்திரிக்கொல்லை இருந்தது. கொல்லை சுரங்கத்துக்குப் போனது, அப்பாவுக்குப் பெர்மனென்ட் வேலை வந்தது. கூடவே டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ், பின்னால் ஒரு பலாமரம். அப்பா சுரங்கத்தில் பெல்ட் ஓட்டினார். வெட்டிய மண்ணையும் கரியையும் மைல் கணக்கில் சுமந்துகொண்டு ஓடுமே, அந்த ரப்பர் பெல்ட். எட்டு மணி நேரம் அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருபவருக்கு வீட்டில் ஓர் ஈ பறக்கக் கூடாது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்தால் காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை தூக்கம். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது, பாத்திரம் வைக்கக் கூடாது, செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. நைட் ஷிப்ட் இல்லாத வாரத்திலும் சட்டம் மாறாது. பழக்கம் விட்டுப்போய்விடுமாம்!

அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த குக்கர் பரண்மேல் ஏறியது ஏறியதுதான், கடைசிவரை வடிசோறுதான். ஆனால் பக்கத்து வீட்டுக் குக்கரை யார் பரணில் ஏற்றுவது? பக்கத்து வீட்டில் இருந்தவர் திருநெல்வேலி அத்தை. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாவட்டம் என்பதால் எல்லோரையும் ஊர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஒருநாள் அத்தை வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே அவர் சமையலறை ஜன்னலுக்குப் போய்விட்டார்.

"இன்னாம்மா இது, வூடா ரயில்வே டேசனா? மனுசன் தூங்குறதா இல்லையா?"

"அண்ணாச்சி, குக்கருன்னா கூவத்தான செய்யும்? அதுக்கு வாயைக் கெட்டவா முடியும்?"

"முடியும்" என்றார் அப்பா. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஆறியதும் அந்த வெயிட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து படுத்துவிட்டார். அன்றைக்கு அத்தை வீட்டில் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

வடலூர்ப் பக்கமிருந்து கூடையோடு வரும் கீரைக்காரம்மா ஒருவர் இருந்தார். "கீரேய்ய்" என்று இழுத்தால் அடுத்த பிளாக்கில் குழந்தை விழித்துக்கொள்ளும். அப்பா அவரை ஒரே வாரத்தில் வழிக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு அந்தம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கட்டு முளைக்கீரையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பார். யாராவது தற்செயலாக வெளியே வந்தால்தான் வியாபாரம். பலாப்பழம் விழுந்தால் சத்தம் கேட்கும் என்று மரத்தடியில் பழைய மெத்தையை விரித்துப்போட்டவரும் இதே மனிதர்தான்.

நான் நாலாவது ஐந்தாவது படித்தபோது இதெல்லாம் இந்த மட்டில் இருந்தது. பெரிய வகுப்புக்குப் போகப்போக அவருடைய கிறுக்கும் முற்றியது. கீரைக்காரம்மா மகள் கல்யாணத்துக்காக ஒரு வாரம் வரவில்லை. ஆனால் அப்பா அந்த ஏழு நாளும் சரியாகப் பத்தேகாலுக்கு எழுந்து வெளியே வந்து, ஆளே இல்லாத தெருவைப் பார்த்து "உஷ்!" என்று அதட்டிவிட்டுப் போய்ப் படுத்தார். ஒருமுறை திருநெல்வேலி அத்தை வாசலில் நின்று பாவம், கொட்டாவி விட்டார். அதற்கும் "உஷ்!" அத்தை திறந்த வாயை மூட மறந்து அப்படியே உள்ளே போனார். இது போதாதென்று மற்றவர்களின் நைட் ஷிப்டையும் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். உலகத்தில் எந்த மனிதனாவது நைட் ஷிப்டைக் கேட்டு வாங்குவானா? "மனுஷனுக்கு மண்டை கொழம்பிடுச்சு" என்று அம்மா காலண்டர் தாளில் எழுதி எனக்குக் காட்டினாள்.

ஆமாம், எழுதித்தான் காட்டினாள். பேசக் கூடாத வீட்டில் வேறு எப்படிக் குடும்பம் நடத்துவது? தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தால் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். உள்ளங்கை அகலம். அன்றைய நாளுக்கு மூன்று பேருக்கும் அதுதான் இடம். எழுதித் துணி கிளிப்பில் மாட்டி சமையலறைக் கொடியில் தொங்கவிட வேண்டும். அம்மா எழுதுவாள்: "பருப்பு இல்லை. கடைக்காரரிடம் பேசலாம், அவர் தூங்கவில்லை." அப்பா கீழே எழுதுவார்: "சாயங்காலம்." அம்மாவுக்குக் கோபம் வந்தால் பென்சில் தாளைக் குத்திக்கொண்டு மறுபக்கம் போகும். மறுபக்கத்தில் இருக்கும் ராகு காலத்தில் ஓட்டை விழும்.

எனக்குக் கிடைத்தது அந்த உள்ளங்கையில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் கேட்பதையும் கேட்க வேண்டும், அழுவதையும் அழ வேண்டும். "எல்லாரும் டூர் போகிறார்கள், நானும் போகட்டுமா?" என்று எழுதினால் சாயங்காலம் பதில் தொங்கும்: "காரணம் போதாது." மறுநாள் வேறு மாதிரி எழுதுவேன். "நான் போகாவிட்டால் என் சீட்டில் வாந்தி எடுக்கிற சரளாவை உட்கார வைப்பார்கள். டீச்சர் புடவை பாவம்." பதில்: "போ." பொய்யையும் மெய்யையும் எந்த அளவில் கலந்தால் ஒரு மனிதன் அசைவான் என்று நான் படித்த பள்ளிக்கூடம் அந்தக் கொடிதான். ஆனால் அதற்காக நன்றி சொல்லப் போவதில்லை. என் வயதுப் பிள்ளைகள் தெருவில் கத்தி விளையாடிக்கொண்டிருந்த காலத்தில் நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். நன்றியாம் நன்றி!

பிளஸ் டூ முடிந்தது. மார்க் வந்தது. தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. "ஹாஸ்டலில் தங்கித் தமிழ் படிக்க வேண்டும்" என்று எழுதி மாட்டினேன். சாயங்காலம் பதில்: "டிப்ளமோ. இங்கேயே."

நானா விடுவேன்? மறுநாள் எழுதினேன், அதற்கு மறுநாளும் எழுதினேன். மூன்றில் ஒரு பங்கு போதவில்லை. நாளைய தாளையும் சேர்த்துக் கிழித்தேன். அப்பா பதிலுக்கு நாளை மறுநாள் தாளைக் கிழித்து "முடியாது" என்றார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஒரு முழு நாள்! அம்மா எங்கள் இருவரையும் திட்ட அதற்கு அடுத்த நாளைக் கிழித்தாள். யார் எத்தனை கிழித்தோம் என்று ஒருவருக்கும் கணக்கில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, வீட்டுக்குப் பேப்பர் வராது, டி.வி. ஊமைப் படமாகத்தான் ஓடும். தேதி என்றால் எங்களுக்கு அந்தக் காலண்டர் காட்டுவதுதான். நடுவில் ஒருநாள் அம்மா தலைமுழுகி, வாழைக்காய்ப் பொரியல் செய்து அமாவாசைப் படையல் போட்டாள். காக்காய் வந்து தின்றது. அன்று விடியற்காலை வானத்தில் கால் நிலா இருந்ததை நாங்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

விண்ணப்பம் போய்ச்சேரக் கடைசித் தேதி இருபது. கையெழுத்துக்காக அதைக் கொடியில் மாட்டி எத்தனையோ நாளாகிவிட்டது. அப்பாவின் கடைசிப் பதில் "பார்க்கலாம்." ஒருநாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க வந்தவள் காலண்டரைப் பார்த்தேன். இருபத்துநாலு என்றது.

இருபது போயே போய்விட்டது. நாலு நாளாக இந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்ணப்பம் கையெழுத்து இல்லாமல் கொடியில் ஆடிக்கொண்டிருக்கிறது.

அப்பா தோட்டத்தில் பலாமரத்தடியில் இரும்பு நாற்காலி போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேஃப்டி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் பின்வாசலில் நின்றேன். பதினேழு வருஷம் விழுங்கினது அத்தனையும் ஒரேயடியாக மேலே வந்தது.

"நீயெல்லாம் ஒரு அப்பாவா?"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு சத்தம் அதற்குள் இருந்தது என்பதே அன்றுதான் தெரிந்தது.

"ஒன் தூக்கத்துக்காக வாயத் தெறக்காம கெடந்தேனே, என்னா பண்ண நீ எனக்கு? ஸ்கிப்பிங் கயிற ரெண்டா வெட்டிப் போட்ட! பள்ளிக்கூடத்துல பாட்டுப் போட்டிக்குப் பேர் குடுத்துட்டு வூட்ல பாடிப் பாக்க எடமில்லாம வாபஸ் வாங்குனேன்! அழுவுறதுக்குக்கூட பாத்ரூம்ல கொழாயத் தெறந்துவுட்டுட்டு அழுதேன்! அந்தக் கொழாய் சத்தத்துக்கும் வந்து திட்டுன! ஒரு கையெழுத்து கேட்டேன். ஒரே ஒரு கையெழுத்து! அதக்கூடப் போட வுடாத இன்னா தூக்கம் அது?"

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். திருநெல்வேலி அத்தை துணி துவைக்கிற கல்மேல் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எதிர் வரிசை எல்லாம் வந்துவிட்டது. உஷ்ஷு வீட்டிலிருந்து சத்தம் வருகிறது என்றால் தீப்பிடித்திருக்க வேண்டும் என்று ஒருவர் வாளியோடு வந்திருந்தார்.

அப்பா வலது ஷூவை முடித்துவிட்டு இடது ஷூவை எடுத்தார்.

எனக்கு இன்னும் ஏறியது. "திரும்பிப் பாக்குறியா பாரு! கல்லு! கல்லு!" என்று தரையை மிதித்தேன். அவர் பிரஷ்ஷை ஊதித் தூசி தட்டினார்.

அம்மாதான் முதலில் உஷாரானாள். என்னைக் கையமர்த்திவிட்டு, உள்ளே போய்ப் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துவந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் நான்கடி தள்ளி, தலைக்கு மேல் தூக்கி, சிமெண்ட்டுத் தரையில் போட்டாள். அந்தச் சத்தத்தில் பலாமரத்திலிருந்த காக்காய் எல்லாம் பறந்தன. அப்பா அசையவில்லை. பிறகு, பறந்த காக்காய்களைத்தான் அண்ணாந்து பார்த்தார். ஏதோ சரியில்லை என்று மெதுவாகத் திரும்பினார். சுவர் நீளத்துக்கும் வாயைப் பிளந்துகொண்டு இருபது தலைகள். விரலை உதட்டில் வைத்தார்.

"உஷ்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சுவருக்கு மேலிருந்து அத்தை, "செவிடன் காதுல ஊதுன..." என்று ஆரம்பித்து, அம்மா பார்த்த பார்வையில் பாதியில் விழுங்கினார்.

நான் ஓடிப்போய்க் காலண்டரிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்துவந்தேன். "காது கேட்காதா? எத்தனை வருஷமா?" என்று எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். படித்தார். முகம் சுண்டிப்போனது. என்னைக் கிட்டே இழுத்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, பெல்ட்டுப் பக்கத்தில் நின்று பேசுகிற தொண்டையில் சொன்னார்:

"அஞ்சாறு வருசம் ஆவுது பாப்பா! வெளிய ஒருத்தருக்கும் தெரியாது! மெதுவாப் பேசு!"

அடுத்த பிளாக்குக்கே கேட்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வாளிக்காரர், "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடப்பாவி மனுஷா! காதுக்கு மாட்டிக்கொள்ள வேலையில் கொடுத்த மூடியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். காதை மூடினால் பெல்ட்டைத் தாங்கி உருளுகிற ரோலர் கெட்டுப்போகிற சத்தம் தெரியாதாம். கெட்டுப்போன காதை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. பெல்ட்டுப் பக்கத்தில் எல்லோருமே கை ஜாடைதான், ராத்திரியில் டார்ச் லைட் ஜாடை. அதனால்தான் ஊரார் நைட் ஷிப்டையெல்லாம் கேட்டு வாங்கியிருக்கிறார். காது டெஸ்ட்டில் நர்ஸ் பட்டனை அழுத்தும்போது கண்ணாடி பீரோவில் கட்டைவிரல் தெரியுமாம், அதைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். வீட்டில்தான் நாங்கள் எல்லாவற்றையும் எழுதித் தந்துவிடுகிறோமே! கீரைக்கு நேரம் பார்த்து உஷ், திறந்த வாயைக் கண்டால் உஷ். ஆரம்பத்தில் தூக்கத்துக்காகப் போட்ட சட்டம், பிறகு அவர் ஒளிந்துகொள்கிற இடமாகிவிட்டது.

இது தெரியாமல் ஐந்தாறு வருஷம் அந்தச் செவிட்டு மனிதருக்காக நாங்கள் பூனை நடை நடந்தோம். எவர்சில்வர் தம்ளரைப் பஞ்சு மாதிரி வைத்தோம். நான் பாடியிருக்கலாம். ஆடியிருக்கலாம். தொண்டை கிழியக் கத்தியிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது.

"அப்ப என்னை ஏன் அனுப்ப மாட்டேன்னு சொன்னே?" என்று எழுதினேன்.

மறுபடியும் அதே ரகசியக் குரலில் ஊர் கேட்கச் சொன்னார்: "ஒங்கம்மா கையெழுத்து ஒரு எழவும் புரியலம்மா. ஓட்ட ஓட்டையா இருக்குது. நீ போயிட்டா எனக்கு யாரு எழுதிக் காட்டுவா?"

இதைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று நினைத்தால் உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு மண்டைக்குள் தீ எரிந்தது. தன் காதுக்கு ஒரு பென்சில் வேண்டும் என்று என் படிப்பையே பிடித்துவைத்திருக்கிறார்! அம்மாவுக்கு அதைவிட. "ஓட்டையா? ஓட்டையா என் கையெழுத்து?" என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாம் முடிஞ்சி போச்சும்மா" என்று நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த வீட்டில் முதல்முறையாகச் சத்தமாக. "இருவதுதான் கடைசித் தேதி. இன்னிக்கு இருவத்திநாலு."

சுவருக்கு மேலிருந்து அத்தை கேட்டார்: "யாருட்டி சொன்னா இருவத்திநாலுன்னு?"

"காலண்டரு."

"கிறுக்கு மூதி! இன்னைக்குப் பதினெட்டுல்லா! காலையிலதான் எங்க வீட்டு அவிய தேதி போட்டுச் சம்பள லீவுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போனாவ. உங்க வீட்டுல மட்டும் என்னட்டி ஆறு நாளு கூடுதலா ஓடுது?"

கொடியைப் பார்த்தேன். கிழிந்த தாள் எல்லாம் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. என் பத்தொன்பதாம் தேதியில் நான் கெஞ்சியிருந்தேன். இருபதாம் தேதியில் அப்பா "முடியாது" என்றிருந்தார். இருபத்தொன்றில் அம்மா எங்களைத் திட்டியிருந்தாள். நாங்கள் வராத நாளிலெல்லாம் சண்டை போட்டு முடித்திருந்தோம். இன்னும் இரண்டு முழு நாள் என் கையில் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். கொடியிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் இன்னொரு கடிதம் எழுதினேன், மெடிக்கல் ஆபீசருக்கு, அப்பா எழுதுவதாக. நாலே வரி. "எனக்குக் காது கேட்கவில்லை. பெல்ட்டில் யாராவது கூப்பிட்டால் எனக்குத் தெரியாது. அதனால் யாருக்காவது அடிபடுவதற்குள் என்னை வேறு இடத்தில் போடுங்கள். தாமதமாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்." இரண்டையும் அவர் மடியில் வைத்தேன். காலண்டர் தாளில் எழுதி நீட்டினேன்: "ரெண்டுலயும் கையெழுத்து வேணும். இல்லேன்னா தெருவில் நின்னு சத்தமாப் பேசுவேன்."

விண்ணப்பத்தைத் தள்ளி வைத்தார். கடிதத்தைப் படித்தார். "மெசின வுட்டு எறக்கிடுவாங்க பாப்பா" என்றார். அந்த ஒரு முறை நிஜமாகவே மெதுவாகத்தான் சொன்னார்.

நான் எழுதினேன்: "யாராவது கூப்பிட்டால்?"

கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். போன மாதம் ஒரு கான்ட்ராக்ட் ஆளின் துண்டு ரோலரில் மாட்டிக்கொண்டதாம். பக்கத்திலேயே நின்று கத்தியிருக்கிறான். எதிரே நின்றவர் டார்ச்சை ஆட்டியதால்தான் அப்பா பார்த்து நிறுத்தினார். துண்டோடு போயிற்று. "அப்பலேந்து நெசமாவே தூக்கமில்ல" என்றார். கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். கடிதத்தில்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் என் விண்ணப்பத்தில்.

பேனாவை மூடிக்கொண்டே ஒன்று கேட்டார்: "எல்லாம் எழுதியிருக்குற. எனக்கு வெக்கமா இருக்குதுன்னு எழுதலியே?"

"அது அவங்களுக்கு எதுக்கு?" என்று எழுதிக் காட்டினேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவரை மெஷினை விட்டு இறக்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள். ஜெனரல் ஷிப்ட். பகல் தூக்கம் போயிற்று, சட்டமும் போயிற்று. ஆனாலும் தெரு ஒரு மாதத்துக்கு வாய் திறக்கவில்லை. அத்தை வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் அவரே ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொள்வாராம். மெஷினைப் பறித்துவிட்டேன் என்று அப்பா ஹாஸ்டலுக்கு மூன்று மாதம் ஒரு வரிகூடப் போடவில்லை. எனக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை, நானும் போடவில்லை. நாலாவது மாதம் ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு காலண்டர் தாள். "சோறு எப்படி?" நான் "சுமார்" என்று எழுதிப் போட்டேன். பதில் வந்தது: "போதாது. விவரமாக எழுது." அன்றிலிருந்து விவரமாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இருவரும் மந்தாரக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பாவின் காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், அந்தக் காலத்தில் குக்கர் வெயிட்டை வைத்த அதே பக்கத்துப் பையில். நான் எழுத உட்காருவது காலை எட்டிலிருந்து மூன்று. நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. எட்டு மணிக்குக் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். மீன்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு முனை திரும்பினாலே விரல் உதட்டுக்குப் போய்விடும். கேஸ் சிலிண்டர்க்காரருக்கு உஷ், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உஷ். எவன் கத்துகிறான், எவன் சும்மா வெற்றிலை மெல்லுகிறான் என்று அவருக்குத் தெரியாது. வாய் அசைந்தால் போதும். "எம் பொண்ணு எழுதிக்கினு இருக்குது!" என்று கத்துவார். இந்தத் தெருவிலேயே என் எழுத்தைக் கெடுக்கிற பெரிய சத்தம் அதுதான். அம்மாவின் சீரியல் மறுபடியும் ஊமையாகிவிட்டது. ஓட்டை விழுந்த காலண்டர் தாள் ஒன்று தினமும் என் மேஜைக்கு வருகிறது, என்னைத் திட்டி.

பேட்டி எடுக்க வந்த தம்பி ஏன் குசுகுசுவென்று பேசினான் என்று பிறகு சொல்வதாகச் சொன்னேனே. போகும்போது சொன்னான்: "கேட்டுல ஒரு பெரியவர் உக்காந்து மெரட்டுறார் மேடம். நான் ஒண்ணுமே பேசல. கொட்டாவிதான் விட்டேன்."

கோபம் போயிற்றா என்று கேட்டால், இல்லை. ஸ்கிப்பிங் கயிற்றுக்கு ஒன்று, பாட்டுப் போட்டிக்கு ஒன்று என்று அத்தனையும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கட்டுரை முடிந்துவிட்டது. மணி ஒன்றரைதான் ஆகிறது. நான் எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டு, முடித்துவிட்டேன் என்று ஜாடை காட்டினால்தான் தெரு வாய் திறக்கும். அதற்கென்ன அவசரம். மூன்று மணி வரை காவல் காக்கட்டும்.